'வே' என்னும் சொல்

'ரயில்வே', 'சப்வே', 'ஹைவே' ஆகியவற்றின் வாலில் நிற்கும் 'வே' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வழி என்பது ஒரு பொருள். விதம் என்பது இன்னொன்று. ஏற்றிச் செல்லுதலைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேரில் பிறந்த சொல் அது. 'வேகன்' அதன் உடன்பிறப்பு. வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த 'வாகனம்' தூரத்து உறவு. பாதையைக் குறிக்கும் 'பாத்' அவ்வளவு நெகிழ்ந்து கொடுக்காது. சாம்பார் வைக்கும் விதத்தை 'வே' எனலாம், 'பாத்' எனச் சொல்ல முடியாது.

இந்த இரட்டைப் பொருள் சமய நூல்களில் பெரிதும் உதவுகிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'ஹொடோஸ்'. யோவான் 14:6இல் இயேசு தம்மையே அச்சொல்லால் குறிக்கிறார். அப்போஸ்தலர் 9:2இல் அவரைப் பின்பற்றியவர்களின் நெறிக்கே அது பெயர். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியம் இரண்டிடத்திலும் 'வே' என்றே வைத்தது. பழைய தமிழ் மொழிபெயர்ப்போ முதலாவதை 'வழி' என்றும் இரண்டாவதை 'மார்க்கம்' என்றும் பிரித்தது. மூலத்தில் ஒரே சொல் என்பது தமிழில் படிப்பவருக்குத் தெரியாது. ஆனாலும் பிழை என்று தள்ள முடியாது: 'மார்க்கம்' தமிழில் சமயத்தையே குறிக்கும், தமிழ் முஸ்லிம்களும் இஸ்லாத்தை அப்படித்தான் சொல்கிறார்கள்.

பௌத்தத்தின் எண்வகை மார்க்கத்துக்கு ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'பாத்' என்றே பெயர் வழங்குகிறது. அது பொருத்தம்தான். காட்டில் நடந்துபோகும் ஒருவன் முன்னோர் நடந்த பழைய தடத்தைக் கண்டு, அதைப் பிடித்துப் போய், பாழடைந்த பழம்பெரும் நகரை அடைவதாகப் பாலி சூத்திரம் ஒன்றில் புத்தர் உவமை சொல்கிறார். காலடி பதிந்த தடம் அது. சீனத்தின் 'தாவ்' வேறு. தாவ் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஆர்தர் வேலி, 1934இல் தம் மொழிபெயர்ப்பின் தலைப்பிலேயே அதை 'வே' ஆக்கினார். ஆனால் 'தாவ்' என்பதற்குச் சொல்லுதல் என்றும் பொருள் உண்டு, அது ஆங்கிலத்தில் நழுவிவிடுகிறது.

'வே'யின் இரு பொருளையும் தமிழில் ஒருசேரத் தாங்கும் சொல் 'வழி' அல்ல, 'ஆறு'. குறளின் 'அறத்தாறு' அறத்தின் வழியும் ஆகும், தன்மையும் ஆகும். முருகனிடம் போகும் வழியைக் காட்டும் நூலுக்குத் திருமுருகாற்றுப்படை என்று பெயர். பேச்சில் இந்த 'ஆறு' மறைந்துவிட்டது. 'விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று முடியும் பள்ளி விண்ணப்பம் போன்ற எழுத்து நடையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.