கொல்லர் அளித்த பாதை

ஐப்பசி பிறந்ததும் நம் சங்கத்து இளைஞர் சிலர் கண்ஹேரிக் காட்டுக்கு நடந்து செல்ல விழைகின்றனர். தமிழ்நாட்டில் ஐப்பசி அடைமழைக்குரியது. மும்பையிலோ அப்போது மழை விடைபெற்றிருக்கும். "தண்ணீர்க் குழாய்க்கும் ரயிலுக்கும் நடந்து தேய்ந்த கால்களுக்குக் காட்டிலும் ஒரு நடை வேண்டுமா? வழிபடுவதானால் வண்டியில் சென்று வழிபட்டு வரலாமே" எனப் பெரியவர்கள் வினவுகின்றனர். நியாயமான வினாவே. வேலையுமின்றி வழிபாடுமின்றி நடக்கும் நடை தம்மத்திற்கு ஒக்குமா என்பது அதன் உட்பொருள்.

பகவான் புத்தர் 45 ஆண்டுகள் நடந்தே தம்மம் உரைத்தார். ஆயினும் மழைக்காலத்தில் பிக்குகள் பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதித்துத் திரிகின்றனர் என மக்கள் குறை கூறவே, மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும் விதி ஏற்பட்டதென விநய பிடகம் கூறும். நடைக்கும் ஒரு பருவமும் ஓர் அடக்கமும் உண்டு. தங்கல் முடிந்து, பவாரணைக்குப் பின் பிக்குகள் மீண்டும் வழிநடப்பது இந்தச் சரத்காலத்திலேதான். பாபாசாகேப் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தீட்சை ஏற்றதும் இப்பருவத்திலேயாம்.

போரிவ்லியிலுள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்புடைய காடு. தேக்கு மிகுதி. மேனாட்டுக் காடுகளைப் போல இங்கே ஐப்பசியில் இலை சிவந்து உதிர்வதில்லை; தேக்கு மொட்டையாக நிற்பது கோடை நெருங்கும்போதுதான். எட்டாண்டுக்கு ஒருமுறை பூக்கும் கார்வி என்னும் புதர் 2016இலும் 2024இலும் பூத்தது. நம் மலைக் குறிஞ்சிக்கு அது உறவு. அதன் கழிகளை நிறுத்தி மண்பூசிச் சுவரெழுப்புவர் வார்லி மக்கள்.

அக்காட்டின் நடுவே கரும்பாறையில் நூற்றுக்கு மேற்பட்ட குகைகள். பாறையில் வெட்டிய படிகள். மழைநீர் தேக்கும் தொட்டிகள். சோபாரா, கல்யாண் முதலிய ஊர்களின் வணிகர் அளித்த கொடைகளைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. அவற்றுள் மிகச் சிறிய ஒன்று, கல்யாண் ஊர்க் கொல்லர் ஒருவர் ஒரு பாதையைத் தானமாக அளித்ததைச் சொல்கிறது. செல்வர் குகை குடைவித்தனர். சம்மட்டி பிடித்த கை வழியைத் தந்தது. ஆலையில் உழைத்தவனாகிய எனக்கு மற்றக் கல்வெட்டுகளினும் இதுவே பெரிது.

பாதைத் தானத்தின் சிறப்பு யாதெனில், கொடுத்தவன் கொள்பவனைத் தேர்ந்தெடுக்க இயலாது. குழல்விளக்கின் பாதி ஒளியை 'உபயம்' என்று எழுதி மறைக்கிறோமே, அத்தகைய கொடையன்று இது. பாதை நடப்பவனின் குலத்தைக் கேளாது. மனிதன்தான் கேட்டான். வைக்கத்தில் கோவிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காகவே 1924 மார்ச் 30 அன்று சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. பெரியார் சிறை சென்றார். 1925இல் முடிந்தபோதும் கிழக்குத் தெரு திறக்கவில்லை. நாய் நடந்த தெருவில் நம் முன்னோர் நடக்கலாகாது என்றிருந்த நாட்டில், ஏவுவாரும் தடுப்பாருமின்றி ஒருவன் தன் மனத்தோடு நடப்பதை வீண்பொழுது என்று எவ்வாறு கூறுவேன்? சங்கொலிக்கு ஓடிய கால்கள் அறியாத நடை அது.

ஆனால் இளைஞரிடத்தும் எனக்கு ஒரு வழக்குண்டு. அக்காடு சிறுத்தையின் இருப்பிடம், வார்லிகளின் ஊர். நாம் அங்கே விருந்தினர். ஒலிபெருக்கியை முழக்கிச் சென்று பிளாஸ்டிக் புட்டியை எறிந்து வருபவன், அன்று மக்கள் குறைகூறிய மிதிப்பையே மீண்டும் மிதிக்கிறான். தடுக்கப்பட்டவரின் பேரன் என்பது பிறர் வாழிடத்தைக் கெடுக்க உரிமை தந்துவிடுமா? வழியைப் பெற்றவன் அதைப் பெற்றபடியே அடுத்தவனுக்கு விட்டுவர வேண்டும். இதுவும் தானமே, செலவில்லாத தானம்.

முழங்கால் நோவுடைய மூதாட்டியர் வண்டியில் வரட்டும், அதில் இழுக்கில்லை. நடக்க வல்லவர் நடக்கட்டும். வனத்துறை அனுமதியாத ஒற்றையடிப் பாதைகளில் நுழையவேண்டாம். திங்கட்கிழமை பூங்கா மூடியிருக்கும். ஞாயிறு விடியலில் மாட்டுங்கா ரோட்டில் ரயிலேறினால் வெயில் கடுமையாகுமுன் குகைகளை அடையலாம். ஒருவர் கையில் குப்பை பொறுக்க ஒரு சாக்குப்பை இருக்கட்டும்.