தாத்தா கட்டிய கோட்டை

2017இல் கனடா தன் 150ஆம் ஆண்டைக் கொண்டாட ஒரு சிறப்புப் பத்து டாலர் நோட்டை வெளியிட்டது. அதில் நான்கு முகங்கள். முதல் பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்ட், அவருடைய அரசியல் கூட்டாளி ஜார்ஜ் எத்தியன் கார்ட்டியே, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஆக்னஸ் மெக்ஃபெயில், நான்காவதாக ஜேம்ஸ் கிளாட்ஸ்டன். மெக்டொனால்டின் பெயரைப் பூர்வகுடி வீடுகளில் இன்றும் கசப்போடுதான் சொல்வார்கள். பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் வைக்கும் திட்டம் வேரூன்றியது அவர் ஆட்சியில். காட்டெருமைகள் அழிந்து சமவெளி மக்கள் பசியில் கிடந்தபோது, ரேஷனைக் காட்டியே அவர்களைப் பணியவைத்த அரசும் அவருடையதுதான். அப்படிப்பட்டவரும், அத்தகைய பள்ளியில் படித்து வளர்ந்த பிளாக்ஃபுட் மக்களின் கைனாய்ப் பிரிவைச் சேர்ந்த பெரியவர் கிளாட்ஸ்டனும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள்.

நோட்டை வடிவமைத்தவர்கள் இதை நல்லிணக்கம் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை. ஆனால் கிளாட்ஸ்டனின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, இந்த மாதிரிப் பொருந்தாத பக்கத்தில் உட்கார்வது அவருக்குப் புதிதல்ல என்று புரிந்தது. பிறப்பதற்கு முன்பிருந்தே அவருக்கு விதித்த இடம் அதுதான்.

பிளாக்ஃபுட் மக்கள் என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரு கூட்டமைப்பு. சிக்ஸிகா, கைனாய், பீகானி ஆகியோர் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில். எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவின் மொன்டானாவில் பீகானியரின் இன்னொரு பிரிவு. எல்லைக்கோடு பிறகு வந்தது, மக்கள் முன்பே இருந்தார்கள். கைனாய்களின் நிலமான பிளட் ரிசர்வ்தான் பரப்பளவில் கனடாவின் மிகப் பெரிய பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலம். கிளாட்ஸ்டன் 1887 மே 21 அன்று ராக்கி மலை அடிவாரத்தில் பிறந்தார். அவருடைய பிளாக்ஃபுட் பெயர் அகாய்-நா-முகா. 1958இல் கனடாவின் செனட்டுக்கு நியமிக்கப்பட்டார். அரசின் பட்டியலில் 'இந்தியர்' என்று பதிவானவர்களில் அதற்கு முன் யாரும் அங்கே உட்கார்ந்ததில்லை.

செனட் கதையைப் பிறகு சொல்கிறேன். என்னைப் பிடித்து நிறுத்தியது அவருடைய தாத்தா.

வில்லியம் கிளாட்ஸ்டன், தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனிக்குப் படகு கட்டிய தச்சர். அந்த வேலையை விட்டபின் மேற்கே திரிந்தவர். 1869இல் மொன்டானாவின் ஃபோர்ட் பென்டனிலிருந்து ஜான் ஹீலி, ஆல்ஃப்ரெட் ஹாமில்டன் என்ற இரண்டு வியாபாரிகள் வடக்கே ஏறி வந்து, இன்றைய லெத்பிரிட்ஜ் நகரத்துக்குப் பக்கத்தில், இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் கடை போட்டார்கள். பெரிய சரக்கு விஸ்கி. எருமைத் தோலைக் கொடு, குடியை வாங்கிக்கொள். விஸ்கி என்று பெயர்தானே தவிர, தண்ணீரில் சாராயத்தை ஊற்றி, நிறத்துக்கும் காரத்துக்கும் புகையிலை, மிளகாய் என்று கண்டதைப் போட்டுக் காய்ச்சியது. வியாபாரம் சூடுபிடிக்கவும், வலுவான கோட்டையாகவே கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. அதைக் கட்டிக்கொடுத்தவர் தச்சர் கிளாட்ஸ்டன். அதுதான் ஃபோர்ட் ஹூப்-அப்.

அதே ஆண்டுகளில் பெரியம்மை வேறு பிளாக்ஃபுட் முகாம்களை வாரிக்கொண்டு போயிற்று. நோயில் ஏராளமானோர் செத்து, மிச்சம் இருந்தவர்கள் துக்கத்திலும் குடியிலும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். குதிரையை, துப்பாக்கியை, கூடாரத்தின் தோலைக்கூட விற்றுக் குடித்த குடும்பங்கள் உண்டு. 1874இல் குதிரைப் போலீஸ் படை அவ்வளவு தூரம் வந்ததற்கு முக்கியக் காரணமே இந்தச் சாராயக் கோட்டைகள். 1877இல் அரசோடு ஏழாம் ஒப்பந்தம். இரண்டு வருஷத்தில் எருமை இல்லை. ஒரு தலைமுறைக்குள் அத்தனையும் முடிந்துவிட்டது.

இதில் தச்சருக்கு எவ்வளவு பங்கு? கூலிக்கு மரம் அறுத்தார், அவ்வளவுதான் என்று சொல்லலாம். சொல்லி முடித்துவிடவும் முடியவில்லை. ஏனென்றால் கதை அங்கே நிற்கவில்லை.

கோட்டையின் முதலாளி ஹீலி, பெற்றோரைப் பறிகொடுத்த ஒரு கைனாய்ச் சிறுவனைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டார். பொட்டைனா என்ற அந்தப் பையன் ஜோ ஹீலியாக வளர்ந்தான். ஆங்கிலம் படித்தான். பிறகு தன் மக்களிடமே திரும்பி வந்தான். ஜோவின் மகள் ஜேனி. 1911இல் ஜேம்ஸ் கிளாட்ஸ்டன் கல்யாணம் செய்துகொண்டது இந்த ஜேனியை. சாராயக் கோட்டையைக் கட்டியவரின் பேரன், அதன் முதலாளி வளர்த்த பிள்ளையின் மகளைக் கைப்பிடிக்கிறார். நாவலில் எழுதினால் ஆசிரியர் வலிந்து முடிச்சுப் போடுகிறார் என்று விமர்சகர் சொல்வார்.

நம் முன்னோர் செய்தவற்றுக்கு நாம் என்ன செய்வது என்ற கேள்விக்கு இரண்டு சுலபமான பதில்கள் இருக்கின்றன. ஒன்று, அது அவர் பாடு, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கைகழுவுவது. இன்னொன்று, படத்துக்கு மாலை போட்டு, இறந்தவரைக் குறை சொல்லலாகாது என்று வாயை மூடுவது. இரண்டிலும் பேரனுக்கு வேலை எதுவும் இல்லை. கிளாட்ஸ்டன் இதைப் பற்றி யோசித்தாரா, எப்போதாவது வருந்தினாரா என்றெல்லாம் நான் கற்பனை செய்யப்போவதில்லை. அவர் என்ன வேலைகள் செய்தார் என்று பார்த்தால் போதும்.

ரிசர்வில் இருந்த செயின்ட் பால் ஆங்கிலிக்கன் பள்ளியில் படித்தார். பிறகு கல்கரி தொழிற்பள்ளியில் அச்சுத்தொழில். கல்கரி ஹெரால்ட் பத்திரிகையில் எழுத்துக் கோக்கும் பயிற்சி. திரும்பி வந்து பள்ளியில் மொழிபெயர்ப்பாளர். பிறகு குதிரைப் போலீசுக்குத் துப்பறியும் சாரணர், மொழிபெயர்ப்பாளர். பிறகு தபால் சுமந்தார். பிறகு குழுவின் மாட்டு மந்தைக்குப் பொறுப்பு. கடைசியில் சொந்தப் பண்ணை, மகன்களோடு. பட்டியலை இன்னொரு முறை பார்த்தால் ஒன்று புலப்படும்: பெரும்பாலான வேலைகளில் அவர் இரண்டு தரப்புக்கு நடுவே நிற்கிறார். அரசுக்கும் மக்களுக்கும் நடுவே, மதகுருவுக்கும் மாணவனுக்கும் நடுவே, போலீசுக்கும் பிடிபட்டவனுக்கும் நடுவே. இப்படி நிற்பவனை இரண்டு பக்கமும் முழுசாக நம்பாது. அது அந்த இடத்துக்குரிய சம்பளம்.

இதில் இன்னொரு விசித்திரம். இவ்வளவும் செய்தவர் பிறப்பால் ஒப்பந்தப் பட்டியலில் இல்லை. கலப்பு வம்சாவளி. 1920இல்தான் கைனாய்க் குழு அவரை முறைப்படித் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அப்போது அவருக்கு 33 வயது. 'முதல் பூர்வகுடி செனட்டர்' என்று பின்னாளில் நாடே பேசிய மனிதர், வளர்ந்த ஆளாகி, வேலை செய்து, பழகிக் காட்டி உள்ளே வந்தவர். தாத்தா கட்டிய கோட்டை எந்த மக்களைக் குடித்ததோ அந்த மக்கள்தான் பேரனுக்குக் கதவு திறந்தார்கள். அவர்களுடைய பெருந்தன்மையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

1939இல் ஆல்பர்ட்டா இந்தியர் சங்கம் தொடங்கியது. நிலம், ஒப்பந்த உரிமை பற்றி வழக்காடப் பூர்வகுடியினரிடம் பணம் திரட்டுவதே, அரசின் அனுமதி இல்லாவிட்டால், அன்றைய சட்டப்படி குற்றம். 1927இல் போட்ட அந்தத் தடை 1951இல்தான் போயிற்று. 1940களின் பிற்பகுதியில் கிளாட்ஸ்டன் சங்கத்தின் தலைவரானார். பூர்வகுடியினரை ஆண்ட இந்தியர் சட்டத்தைத் திருத்தும் பேச்சுகளுக்காக ஒட்டாவாவுக்கு மறுபடி மறுபடி போய் வந்தார். மேசையைத் தட்டிப் பேசுபவரல்ல. காத்திருந்து, திரும்பப் போய், அதையே இன்னொரு முறை சொல்பவர்.

1958 ஜனவரி 31 அன்று பிரதமர் டீஃபன்பேக்கர் அவரைச் செனட்டுக்கு நியமித்தார். வயது 70. இரண்டே மாதத்தில், மார்ச் 31 அன்று, பொதுத்தேர்தல். ரிசர்வில் வாழும் பட்டியல் மக்களுக்கு அதில் ஓட்டு கிடையாது; போருக்குப் போய்வந்தவர்கள் தவிர மற்றவர்கள் தங்கள் வரிவிலக்கை எழுதிக்கொடுத்தால்தான் உண்டு. சட்டம் இயற்றும் அவையில் அவர்களுடைய ஆள் உட்கார்ந்திருக்கிறார், ஓட்டுச்சாவடியில் அவர்களுக்கு இடமில்லை. தன் முதல் உரையில் அவர் பிளாக்ஃபுட் மொழியிலும் சில வாக்கியங்கள் பேசினார். விடுதிப் பள்ளிகளில் தாய்மொழி பேசினால் தண்டனை கிடைத்த காலத்துப் பிள்ளை அவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். அந்த அவையில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? ஆனால் பதிவேட்டில் ஏறிவிட்டது.

ஓட்டுரிமை கிடைத்தால் எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள் என்று நாம் நினைப்போம். அப்படியில்லை. பல பெரியவர்கள் பயந்தார்கள். அதுவரை குடியுரிமை என்ற பெயரில் அரசு கொடுத்ததெல்லாம் ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்கியதுதான். ஓட்டு வேண்டுமென்றால் பட்டியலிலிருந்து வெளியே போ, நிலத்தை விடு, ஒப்பந்தத்தை மற. ஆகவே 1960இல் ஓட்டுரிமை வந்தபோது முக்கியமானது, எதையும் துறக்காமல் வந்தது என்பதே. அந்தப் பயம் நியாயமானது என்று உள்ளே இருந்து சொல்ல ஓர் ஆள் இருந்தார். அப்போது அவருக்கு 73 வயது.

1959 முதல் 1961 வரை பூர்வகுடி விவகாரங்களுக்கான கூட்டுக் குழுவுக்கு இணைத்தலைவராக இருந்தார். ஊர் ஊராக வந்த மனுக்களைக் கேட்டார்கள். நில உரிமைக் கோரிக்கைகளை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. மசோதா வரை போய், நிறைவேறாமல் மடிந்தது. பொறுமையின் வரவுசெலவில் இதையும் எழுத வேண்டும்.

1968இல் அதே ஆல்பர்ட்டா சங்கத்துக்கு ஹெரால்டு கார்டினல் தலைவரானார். வயது 23. மறுவருஷம் பிரதமர் பியர் ட்ரூடோவின் அரசு, இந்தியர் சட்டத்தையும் தனி அந்தஸ்தையும் ஒப்பந்தங்களையும் ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று வெள்ளை அறிக்கை கொண்டுவந்தது. கார்டினல் சீறினார். புத்தகம் எழுதினார், எதிர் அறிக்கை கொண்டுபோனார், அரசைப் பின்வாங்க வைத்தார். கிளாட்ஸ்டன் இருபது வருஷம் கதவைத் தட்டியதோடு ஒப்பிட்டால், கார்டினல் கதவையே கழற்றிவிட்டார். இளைஞர்களுக்குக் கிளாட்ஸ்டனின் தலைமுறை மிகவும் பணிவாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

நான் 23 வயதில் இருந்திருந்தால் கார்டினல் பக்கம்தான். இப்போது படிக்கும்போது, கோபப்பட ஒரு சங்கம், ஓர் அலுவலகம், ஒட்டாவாவில் பேச ஒரு வழி, எதையும் இழக்காமல் போடும் ஓட்டு, இவையெல்லாம் ஏற்கெனவே இருந்தன என்பது கண்ணில் படுகிறது. அவற்றை யாரோ பொறுமையாக உட்கார்ந்து செய்திருந்தார்கள். அதற்காகப் பணிவே சிறந்தது என்று சொல்ல மாட்டேன். ஆணைய மசோதா மடிந்தபோது யாராவது ஒருவர் கத்தியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1967இல், நாட்டின் நூற்றாண்டை ஒட்டி, லெத்பிரிட்ஜில் ஃபோர்ட் ஹூப்-அப்பின் நகல் ஒன்றைக் கட்டினார்கள். குடும்பத்தோடு போய்ச் சுற்றிப் பார்க்கும் இடமாக. கிளாட்ஸ்டன் அப்போது உயிரோடு இருந்தார், செனட்டராகவே இருந்தார். 1971 மார்ச்சில் ஓய்வு பெற்றார், செப்டம்பர் 4 அன்று இறந்தார்.

பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வெவ்வேறு திசையில் போனார்கள். மகன் ஃபிரெட் ரோடியோ மைதானத்தில் கன்றுக்குச் சுருக்கு வீசுவதில் கனடாவின் சாம்பியன். பேரன் ஜிம் 1977இல் அதே போட்டியில் உலக சாம்பியன். மகள் பாலின், ஹியூ டெம்ப்ஸி என்ற பத்திரிகையாளரை மணந்தார். சங்கத்தின் கூட்டத்துக்குச் செய்தி சேகரிக்க வந்த இளைஞர், மாப்பிள்ளையாகிவிட்டார். பிறகு அவர் பிளாக்ஃபுட் வரலாற்றின் பெரிய எழுத்தாளரானார். சிக்ஸிகா தலைவர் க்ரோஃபுட், கைனாய்த் தலைவர் ரெட் க்ரோ ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதினார். 1986இல் மாமனாரின் வாழ்க்கையையும் எழுதினார். மருமகன் மாமனாரைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதுவது நம் பக்கத்தில் அபூர்வம். எழுதியபின்னும் குடும்பம் ஒற்றுமையாக இருப்பது இன்னும் அபூர்வம்.

தச்சர் கிளாட்ஸ்டனும் வயதான காலத்தில் தன் நினைவுகளைச் சொல்லி, அவை உள்ளூர்ப் பத்திரிகையில் அச்சாகியிருக்கின்றன. பாலினின் மகன் ஜேம்ஸ் டெம்ப்ஸியும் வரலாற்றாசிரியர்தான். அவர் எழுதியது, தங்களுக்கு ஓட்டுக்கூட இல்லாத நாட்டுக்காக முதல் உலகப் போரில் போய்ச் சண்டையிட்ட சமவெளிப் பூர்வகுடி வீரர்களைப் பற்றி. அந்தக் குடும்பத்தில் சிக்கலான கணக்குகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. எழுதி வைக்க ஆளுக்கும் பஞ்சம் வரவில்லை.