புறா காட்டிய நெறி

இலங்கையை விட்டு வந்த விபீஷணாழ்வான் கடற்கரையில் சரணம் புக, பகைவனின் தம்பியை ஏற்றல் தகாதென்று சுக்ரீவ மஹாராஜர் தடுத்தார். சக்ரவர்த்தித் திருமகனோ தம் விருப்பத்தையே ஆணையாக்காமல், முன் நிகழ்ந்ததொன்றை எடுத்துக்காட்டினார். தன் பேடையைக் கவர்ந்த வேடன் அடைக்கலமாக வந்தபோது, தன் உடலையே அவனுக்கு உணவாக அளித்தது ஒரு புறா. பறவையே அவ்வாறு செய்ததாயின், ரகுகுலத்தில் பிறந்தவர் செய்யவேண்டுவதைச் சொல்லவும் வேண்டுமோ என்பது கைமுதிக நியாயம். கண்டு மஹரிஷியின் வாக்கும் அதற்குத் துணையாயிற்று.

செய்தவரின் ஏற்றம் அன்று, செயலில் நின்ற தர்மமே பிரமாணம். நீதிமன்றமும் முன்தீர்ப்பில் அதன் காரணத்தையே பற்றுகிறது. ஆதலின், “முன்னோர் வழக்கம்” என்று கூறி வாசலுக்கு வந்தவரை விலக்குமுன், அம்முன்னோர் யாரை ஏற்றனர் என்று எண்ணுதல் அடியார்க்கு அழகு. அன்று கடற்கரையில் அளித்த அபயமே, இன்றும் சரணடைவார் அனைவர்க்கும் ஆதாரம்.