ரதியின் புலம்பலும் மலையக மக்களும்

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டதும் ஊவாத் தோட்டங்களில் காமன் ஊன்றுவார்கள். ரதி, மதன் வேடம் பூணுவோர் காப்புக் கட்டி விரதம் காப்பர்.

எல்லயில் இராவணன் நீர்வீழ்ச்சியைக் காட்டிச் சொல்லப்படும் கதை இம்மண்ணோடு ஒட்டியது. காமன் கதையோ தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தோர் நெஞ்சில் சுமந்து வந்தது.

எம்பெருமானின் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை ஏவுகின்றனர். போகவேண்டாம் என்று ரதி தடுக்கிறாள். கேளாமல் போனவன் நெற்றிக்கண்ணால் சாம்பலாகிறான். முடிவு தெரிந்த கதைதானே, ரதி புலம்பும்போது லயத்துப் பெண்கள் விம்முவானேன்?

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப்பலரை நாடற்றோராக்கியது. 1964இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை! அண்ணன் போனான், தங்கை நின்றாள். பதுளையில் கோச்சி ஏறித் தலைமன்னார் வழியாகக் கடல் கடந்தவர்களை அனுப்பிவிட்டு வந்தவர்களுக்கு, ரதியின் அழுகை தேவலோகத்து அழுகையாகவா கேட்டிருக்கும்?

கையில் பத்திரம் இல்லாத காலத்திலும் தப்பொலி கேட்ட இடத்தில் அவர்கள் ஒரு சமூகமாகக் கூடினார்கள். அவர்கள் யார் என்பதைச் சட்டம் சொல்ல மறுத்தபோது புராணம் சொன்னது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

எரிந்த மதனை ஈசன் எழுப்பித் தந்தார்; ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்றார். அடுத்த மாசியில் அந்தக் கட்டம் வரும்போது பிள்ளைகளை அருகில் இருத்தி, அக்கரை போன உறவுகளின் பெயர்களையும் சொல்லிக் கொடுங்கள்.