பனிக்காட்டில் அகிம்சை

ஜெர்மனியின் முதல் தேசியப் பூங்காவான பவேரியக் காடு 1970-இல் தொடங்கப்பட்டது. குளிர்காலத்தில் அங்கே வழிகாட்டிகள் பார்வையாளர்களைக் குழுவாகப் பனிக்காட்டுக்குள் நடத்திச் செல்கிறார்கள். வருகிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை. அப்படியிருந்தும் ஓர் அறக்கேள்வி எழுகிறது: தீங்கு நினைக்காமல் பார்க்கப் போவதும் இம்சையாகுமா? ஆகக்கூடும் என்றே சொல்ல வேண்டும். குளிர்காலக் காட்டுயிர் கையிருப்பில் வாழ்கிறது. செம்மான் இதயத் துடிப்பைத் தணித்து, கால்களைக் குளிரவிட்டு, சேர்த்த கொழுப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. கேப்பர்கெய்லி என்னும் பெரிய காட்டுக்கோழி பெரும்பாலும் ஊசியிலைகளைத் தின்றே குளிரைக் கடத்துகிறது. ஆள் நெருங்கியதும் அது பதறிப் பறந்தால், செலவான தெம்பை அந்தச் சத்தற்ற உணவிலிருந்து மீட்பது கடினம்.

இந்தக் கணக்கு இந்தியத் துறவு மரபுகளுக்குப் புதிதல்ல. மழைக்காலத்திலும் பிக்குகள் ஊர் ஊராக நடந்து பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்கள் என்று மக்கள் குறைப்பட்டதால்தான், அந்த மாதங்களில் ஓரிடத்தில் தங்கும்படி புத்தர் விதித்தார் என்கிறது விநயபிடகம். சமணத் துறவிகளுக்கும் அப்படியொரு விதி உண்டு. வினையை எண்ணத்தை வைத்து எடைபோடுவது பௌத்தம். அந்த மரபே, விளைவு தெரிந்த பிறகு ‘வேண்டுமென்றா மிதித்தேன்?’ என்ற சமாதானத்தை ஏற்கவில்லை. உயிர்கள் எளிதில் நசுங்கும் பருவத்தில் கால்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதே அதன் சாரம். வடக்குக் காடுகளில் குளிர்காலமும் அத்தகைய பருவம்தான். ஆழ்ந்த பனிக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடுக்கில், வெளியே கடுங்குளிர் அடிக்கும்போதும், வெப்பம் உறைநிலையை ஒட்டியே நிற்கும். சிறு எலிகளும் மூஞ்சூறுகளும் அங்கே குளிரைத் தாண்டுகின்றன. பாதை விலகி மிதித்தால் அந்த இடுக்கு அமுங்கிவிடும்.

அப்படியானால் காட்டை மூடிவிடலாமே என்று கேட்கலாம். 1914-இல் உருவான சுவிஸ் தேசியப் பூங்கா குளிர்காலத்தில் மூடியேதான் இருக்கிறது. அந்த முடிவில் குறை காண முடியாது. ஆனால் எல்லாக் காட்டையும் பூட்ட முடியாது. பூட்டாத காட்டில் தானாக அடங்கி நடக்க யாராவது கற்றுத்தர வேண்டும். வழிகாட்டியின் வேலை அங்கே தொடங்குகிறது. நல்ல வழிகாட்டி விலங்கைத் துரத்திக் காட்டமாட்டார், தடத்தைக் காட்டுவார். முயல் தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி விழும். பனியில் முன்னால் தெரியும் இரண்டு பெரிய குழிகள் பின்னங்கால்களுடையவை. இது தெரியாதவர் முயல் போன திசையைத் தலைகீழாகப் படிப்பார். தடத்தைச் சரியாகப் படித்தவருக்கு முயலைத் தேடிப் புதருக்குள் இறங்க வேண்டிய தேவை குறைகிறது. புகையைக் கண்டு நெருப்பை அறிவதை முறையான அறிவாகவே நம் தருக்க நூலார் ஏற்றார்கள். தடம் கண்டு உயிரை அறிவதும் அந்த வகைதான். கண்ணால் காணாதது ஒரு குறையல்ல.

இன்னொரு மறுப்பும் உண்டு. லிங்க்ஸ் பூனையும் ஓநாயும் மானை விரட்டாமலா இருக்கின்றன, மனிதர் நாலு பேர் நடப்பதால் என்ன வந்துவிடும் என்பார்கள். லிங்க்ஸுக்கு வேறு வழி கிடையாது, அதற்குப் பசி. நமக்கு இருப்பது ஆவல். அதைத் தள்ளிப்போடலாம், தொலைவிலிருந்தும் தீர்த்துக்கொள்ளலாம். வேறு வழி இருப்பவருக்குத்தான் அறம் கடமையாகிறது. நாலு பேர் என்பதும் சரியான கணக்கல்ல. நாளுக்கு நாலு பேர் என்றால் பருவம் முழுக்கக் கூட்டிப் பார்க்க வேண்டும். குறித்த பாதையிலேயே நடந்தால் விலங்குகள் அந்த நடமாட்டத்துக்கு ஓரளவு பழகிக்கொள்ளும். எதிர்பாராத பக்கத்திலிருந்து வரும் ஆள்தான் அவற்றை அதிகம் பதறவைக்கிறான். ஆகவே குளிர்கால நடையை நியாயப்படுத்த ஒரே வழிதான் உண்டு: விலங்கைக் காட்டுவதாக வாக்குக் கொடுக்கக்கூடாது, பாதையை விட்டு இறங்கக்கூடாது, பனியும் குளிரும் உச்சத்தில் இருக்கும் நாளில் நடையையே ரத்து செய்யத் தயங்கக்கூடாது. கட்டணம் கட்டியவர்கள் முணுமுணுக்கத்தான் செய்வார்கள். அவர்களுக்குக் காரணத்தை விளக்குவதும் அந்தப் பாடத்தில் சேர்ந்ததே.