அடைக்கலப் பொருளாகிய ஆட்சி

நம்மை நம்பி ஒருவர் கொடுத்துவைத்த பொருளை, அவர் கேட்கும் நாளில் குறைவின்றித் திருப்பித் தருவது அறம். மக்கள் தரும் ஆட்சியதிகாரமும் அத்தகைய அடைக்கலப் பொருளே. அதனைத் திருப்பித் தரச் செய்வது ஆள்வோரின் பண்பா, சட்டத்தின் வலிமையா? குடியரசுத் தலைவரே ஆட்சியையும் நடத்தும் நாடுகள் சிலவற்றைக் கொண்டு இவ்வினாவைச் சிந்திப்போம்.

அமெரிக்காவின் முதல் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் மூன்றாம் முறை போட்டியிட மறுத்து 1797இல் விலகினார். அவரைத் தடுக்கும் சட்டம் அன்று இல்லை. இரு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்னும் விதி 1951இல்தான் வந்தது. அங்கே பண்பே சட்டமாக நின்றது.

எனினும் பண்பு மட்டும் போதாது. 1860 நவம்பரில் தேர்வுபெற்ற ஆபிரகாம் லிங்கன் 1861 மார்ச் 4 அன்றுதான் பதவியேற்க முடிந்தது. அதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்து சென்றன. பிரிவினையைத் தடுக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்றார் விலகவிருந்த புக்கானன். வரவிருந்தவருக்கோ பதவியே இல்லை. பின்னாளில், 1933இல் நிறைவேறிய திருத்தம் பதவியேற்பை ஜனவரி 20க்கு முன்கொணர்ந்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டம், வருபவர் ஆயத்தம் செய்ய நிதியும் அலுவலகமும் அளித்தது. ஆப்பிரிக்க நாடான கானா 2012இல் இயற்றிய சட்டம், ஒப்படைப்புக் குறிப்புகளையும் அரசுச் சொத்துப் பட்டியலையும் கேட்கிறது.

சட்டம் இருந்தும் மனம் இசையாவிடில் என்னாகும்? 2021 ஜனவரி 6 அன்று, தோல்வியை ஏற்காத டிரம்ப்பின் ஆதரவாளர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துள் புகுந்தனர். பிரேசிலில், விலகும் தலைவர் புதியவருக்குப் பதவிப் பட்டையை அணிவிப்பது மரபு. பொல்சொனாரோ அதனைச் செய்யாமல் 2022 இறுதியில் நாட்டை விட்டுச் சென்றார். எனவே 2023 ஜனவரி 1 அன்று, குப்பை சேகரிக்கும் தொழிலாளியான ஒரு பெண் லூலாவுக்கு அதனை அணிவித்தார். பட்டை எவருடையது என்பது அன்று விளங்கியது. ஆயினும் ஒரு வாரத்தில் அங்கும் கூட்டம் அரசு மாளிகைகளைச் சூறையாடியது. மனமின்றி விட்ட பொருளின் பழி ஊரைச் சுடுகிறது.

முடிவு தவறென்று மெய்யாகவே நம்புவோர் யாது செய்வது? நீதிமன்றத்தை நாடலாம்; அதுவே எல்லை. 2000ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பில் தமக்கு உடன்பாடில்லை என்று அல் கோர் வெளிப்படையாகக் கூறினார். ஆயினும் அதற்குக் கட்டுப்பட்டார். 2001 ஜனவரியில், துணைத் தலைவர் என்ற முறையில், தம் தோல்வியை உறுதிசெய்த வாக்கு எண்ணிக்கைக்குத் தாமே தலைமை தாங்கினார். கருத்தை விடாமலே பதவிப் பற்றை விட இயலும் என்பதற்கு இது சான்று.

ஆகவே சட்டமும் வேண்டும், பண்பும் வேண்டும். சட்டம் நாளைக் குறிக்கும், சாவியைப் பெற்றுத் தரும். வருபவரும் தம்மவரே என்று மக்களை அமைதிகொள்ளச் செய்வது, விலகுபவரின் மனமுவந்த சொல்லே ஆகும். இல்லத்திலும் சங்கத்திலும் பொறுப்பை விட வேண்டிய நாள் நமக்கும் வரும். அன்று கணக்கையும் சாவியையும், பிறர் கேட்கும் முன்னரே, முகமலர்ச்சியோடு ஒப்படைப்போமாக.