விரல் நுனியில் காற்றின் தடம்

(தூய ஆவியார் பெருவிழா மறையுரை)



முதல் வாசகத்தில் ஒரு நீண்ட பட்டியலைக் கேட்டோம். பார்த்தர், மேதியர், எலாமியர், மெசப்பொத்தாமியா, யூதேயா, கப்பதோக்கியா என்று ஊரும் இனமுமாக லூக்கா அடுக்கிக்கொண்டே போகிறார். இவர்களில் பெரும்பாலோருக்குக் கிரேக்கமோ அரமேயமோ தெரிந்திருக்கும். கடைவீதியிலும் துறைமுகத்திலும் அவற்றைக் கொண்டுதான் காலம் தள்ளினார்கள். பேதுரு எழுந்து ஒரே மொழியில் பேசியிருந்தாலும் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். அப்படியிருந்தும் தூய ஆவியார் இறங்கி வந்தபோது ஒவ்வொருவரும் தாம் பிறந்த மண்ணின் மொழியைக் கேட்டார்கள்.

செய்தியைச் சேர்ப்பது மட்டும் நோக்கமென்றால் இந்த அருஞ்செயலுக்குத் தேவையே இல்லை. தாய் தாலாட்டிய மொழியில் தம் பிள்ளைகளோடு பேச வேண்டும் என்று ஆண்டவர் ஆசைப்பட்டார். இந்த ஆசையை நாம் எவ்வளவு எளிதாக மறந்துவிடுகிறோம் என்பதைச் சொல்லவே இன்று உங்களை வெகுதொலைவில் வாழும் ஒரு மக்களிடம் அழைத்துச் செல்கிறேன்.

அமெரிக்காவின் தென்மேற்கே அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் செம்பாறைகளும் வறண்ட சமவெளிகளுமாக நவஹோ மக்களின் நாடு விரிந்து கிடக்கிறது. அவர்கள் தங்களைத் தினே என்று அழைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் நாட்டுக்கு நான்கு திசையிலும் நான்கு புனித மலைகள் எல்லை. கிழக்கு மலைக்கு வெண்சங்கு, தெற்கு மலைக்கு நீலப் பச்சைக்கல், மேற்குக்குச் சிப்பி, வடக்குக்குக் கறுப்பு மணிக்கல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமும் ஒரு மணியும் உண்டு. இந்த மலைகளுக்கு நடுவே வாழும்படி, தங்கள் மரபு போற்றும் தெய்விகப் புனிதர்கள் தங்களுக்குச் சொன்னார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. மொழியும் அந்தப் புனிதர்கள் தந்ததே. ஆகவே அதில் தீயதைப் பேசுவதற்கு அஞ்சுகிறார்கள். சொன்ன சொல் காற்றில் கரைந்துபோகாது, அது போய் வேலை செய்யும் என்று நம்புகிறார்கள். சில கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்வார்கள். கோடையில் கேட்டால் பெரியவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

மனிதர் உண்டானதைப் பற்றி அவர்களிடம் வழங்கும் ஒரு மரபுக்கதையை வாஷிங்டன் மாத்யூஸ் என்ற இராணுவ மருத்துவர் கேட்டு எழுதி 1897-இல் வெளியிட்டார். புனிதர்கள் இரண்டு மான்தோல்களை விரித்து, அவற்றுக்கு நடுவே ஒரு வெள்ளைச் சோளக் கதிரையும் ஒரு மஞ்சள் சோளக் கதிரையும் வைக்கிறார்கள். தோல்களுக்கிடையே காற்று புகுந்து வீசுகிறது. வெள்ளைக் கதிர் ஆணாகிறது, மஞ்சள் கதிர் பெண்ணாகிறது. அவர்களுக்கு உயிர் தந்தது அந்தக் காற்று. இன்றும் நம் வாயிலிருந்து வெளிவருவது அதே காற்றுதான். அது நின்றால் பேச்சும் நிற்கும், உயிரும் நிற்கும்.

இப்போது உங்கள் வலக்கையை விரித்து விரல் நுனிகளைப் பாருங்கள். சுழித்துச் சுழித்துப் போகும் கோடுகள் தெரிகின்றனவா? முதல் மனிதருக்குள் காற்று வீசியபோது விட்டுச்சென்ற தடம் அது என்கிறார்கள் தினே மக்கள்.

நம் தொடக்க நூலும் மண்ணால் ஆன மனிதனின் நாசியில் கடவுள் உயிர்மூச்சை ஊதினார் என்றே சொல்கிறது. இன்று மேல்மாடி அறையில் பெருங்காற்று போன்ற இரைச்சலாக வந்தவரும் அதே மூச்சானவர். இரண்டு கதைகளும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய புனிதர்களை நம் புனிதர்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது அவர்களுக்கும் மரியாதை ஆகாது, நமக்கும் ஆகாது. ஆனால் பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருஅவை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாக அறிவித்தது. பேச்சு கடவுளின் மூச்சோடு ஒட்டிப் பிறந்தது என்று ஒரு மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பிவந்திருக்கிறார்கள். நற்செய்தியாளரின் காலடி அந்தப் பாறைநிலத்தில் படுமுன்பே தூய ஆவியார் அங்கே வீசிக்கொண்டிருந்தார் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

விடியற்காலையில் அவர்கள் செபிப்பதையும் சொல்ல வேண்டும். அவர்களின் மரபு வீட்டுக்கு ஹோகன் என்று பெயர். அதன் வாசல் கிழக்கு நோக்கியே இருக்கும். வெளியே வந்து சோள மகரந்தத்தில் ஒரு சிட்டிகை எடுத்து முதலில் நாவில் வைக்கிறார்கள், பிறகு தலையில், பிறகு முன்னே செல்லும் வழியில் தூவுகிறார்கள். முதலில் நாவில்! அன்றைய நாள் தொடங்குமுன் பேசும் உறுப்பைத் தூய்மை செய்துகொள்ளும் வழக்கம் எவ்வளவு ஆழமானது என்று எண்ணிப் பாருங்கள். எசாயாவின் உதடுகளைத் தொட்ட நெருப்புத் தணல் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இந்த மக்களுக்கு நேர்ந்தது என்ன?

1863-இல் அமெரிக்கப் படை அவர்களுடைய வயல்களை எரித்தது, ஆடுகளைக் கொன்றது. அடுத்த ஆண்டு மக்களைத் திரட்டிச் சுமார் 500 கிலோமீட்டர் நடக்கவைத்தது. முதியவர்களும் கர்ப்பிணிகளும் வழியிலேயே விழுந்தார்கள். சம்னர் கோட்டை முகாமில் 8,000-க்கும் மேற்பட்டோர் உவர்நீரைக் குடித்துக்கொண்டு, விளையாத நிலத்தைக் கொத்திக்கொண்டு நான்கு ஆண்டுகள் கிடந்தார்கள். 1868-இல் ஒப்பந்தம் பேசத் தளபதி ஷெர்மன் வந்தார். தினே மக்களுக்காகப் பேசியவர் பார்போன்சிட்டோ. அவர் சொன்னது நவஹோவிலிருந்து ஸ்பானிய மொழிக்கும், அதிலிருந்து ஆங்கிலத்துக்கும் போய்த்தான் ஷெர்மனின் காதில் விழுந்தது. எங்களைப் படைத்தபோதே நான்கு மலைகளுக்குள் வாழும்படி சொல்லப்பட்டது, ஆகவே எங்களை வேறெங்கும் அனுப்பாதீர்கள் என்பதே அவர் வேண்டுகோளின் சாரம். படைப்புக் கதையையே சான்றாக வைத்து ஒரு மக்கள் தங்கள் நாட்டைத் திரும்பக் கேட்டார்கள். கிடைத்தது. தாய்மண்ணுக்குத் திரும்பினார்கள்.

ஆனால் அதே ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவு, 6 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கட்டாயமாக ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னது. அங்கிருந்து இரண்டாம் துயரம் தொடங்கியது. விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளின் கூந்தலை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள். தாய்மொழியில் ஒரு சொல் பேசினால் வாயில் சோப்பைப் போட்டுத் தேய்த்தார்கள்.

சகோதரர்களே, இங்கே நாம் தலைகுனிய வேண்டும். விடுதிப் பள்ளிகளை அரசு மட்டும் நடத்தவில்லை. வட அமெரிக்கா முழுவதும் கத்தோலிக்கத் திருஅவையும் நடத்தியது. 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் கனடாவின் மாஸ்குவாசிஸ் என்னும் ஊருக்குச் சென்று பூர்வகுடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2024-இல் அமெரிக்க ஆயர்களும் கேட்டார்கள். ஆவியார் திறந்துவிட்ட நாவை ஆவியாரின் பெயரால் ஊழியம் செய்தவர்களே அடைத்தார்கள் என்றால், அது பெந்தக்கோஸ்துக்கு எதிரான பாவம். இதைவிட மென்மையான சொல் எனக்குத் தெரியவில்லை.

அதே திருஅவையில் வேறு வழியில் நடந்தவர்களும் இருந்தார்கள். பிலடெல்பியாவின் பெருஞ்செல்வர் வீட்டு மகள் புனித கேத்ரின் டிரெக்சல் துறவியாகி, தம் செல்வத்தைக் கறுப்பின மக்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் வாரிக் கொடுத்தவர். அவர் அரிசோனாவில் நிலம் வாங்கித் தர, 1898-இல் பிரான்சிஸ்கன் துறவியர் சிலர் அங்கே வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு நவஹோவில் ஒரு சொல்லும் தெரியாது. அவர்கள் முதலில் செய்த வேலை போதித்தல் அல்ல, கேட்டல். கடைப்பொருள்களின் படங்கள் அச்சிட்ட விலைப்பட்டியல் புத்தகம் ஒன்றை விரித்து, வருவோர் போவோரிடம் ஒவ்வொரு படத்தையும் காட்டி, இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

1900-இல் வந்து சேர்ந்தார் இளம் குரு பெரார்ட் ஹைல். அவரும் உடன் துறவியரும் சேர்ந்து 1910-இல் அந்த மொழிக்கு ஒரு பெரும் அகராதியை வெளியிட்டார்கள். அந்த மக்களின் வாழ்க்கை, வழிபாடு, நெசவு, வேளாண்மை எல்லாம் அதில் இடம்பெற்றன. நம் வீரமாமுனிவரையும் சதுரகராதியையும் அறிந்த உங்களுக்கு அந்த உழைப்பு எத்தகையது என்று நான் விளக்க வேண்டியதில்லை. பெரார்ட் அடிகளார் அத்தோடு நிற்கவில்லை. அரை நூற்றாண்டுக் காலம் மரபுப் பாடகர்களின் அருகே உட்கார்ந்து, அவர்களுடைய சடங்குப் பாடல்களையும் வேண்டுதல்களையும் அவர்கள் சொன்னபடியே எழுதினார். தாம் நடத்தும் வழிபாட்டைத் தவிர வேறு எதுவும் பதிவுக்குரியதல்ல என்று அவர் எண்ணியிருந்தால், அவற்றில் எத்தனையோ அந்தப் பாடகர்களோடு புதைந்திருக்கும். குருவாக இருக்கும் எனக்கு அவர் வாழ்க்கை ஒரு கேள்வியாகவே நிற்கிறது: என் மக்கள் பேசுவதை நான் எவ்வளவு நேரம் கேட்கிறேன்?

இரண்டாம் உலகப் போர்க் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1942-இல் 29 நவஹோ இளைஞர்கள் தங்கள் மொழியைக் கொண்டு அமெரிக்க மரைன் படைக்கு ஒரு மறைமொழியை அமைத்தார்கள். பின்னர் ஏறத்தாழ 400 பேர் அதில் பணியாற்றினார்கள். எதிரிகளால் அதை உடைக்க முடியவே இல்லை. அவர்களில் ஒருவரான செஸ்டர் நெஸ், சிறுவனாக விடுதிப் பள்ளியில் அந்த மொழி பேசியதற்காகச் சோப்பின் சுவையை அறிந்தவர். தண்டித்த நாடே உதவி கேட்டபோது அவர் மறுக்கவில்லை. ஆனால் போர் முடிந்து வீடு திரும்பிய அந்த வீரர்களுக்கு 1948 வரை அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் வாக்குரிமைகூட இல்லை. மறைமொழியை அமைத்த அந்த 29 பேருக்கு நாடு தங்கப் பதக்கம் வழங்கியது 2001-இல்.

அந்தப் புகழ் மொழியைக் காப்பாற்றிவிட்டதா? இல்லை. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முதல் நாள் பள்ளிக்கு வந்த நவஹோக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் தாய்மொழி பேசியவர்கள். அடுத்த இருபது ஆண்டுகள் சற்றுக் கடந்ததும், பாலர் பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஆங்கிலம் மட்டுமே பேசினார்கள். சோப்பை வைத்துக்கொண்டு அப்போது யாரும் நிற்கவில்லை. தாங்கள் பட்ட அடி பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று பெற்றோரே அமைதியானார்கள். அன்பினால் அமைதியானார்கள், அதுதான் இதில் மிகுந்த வேதனை.

இன்றும் சுமார் 1,70,000 பேர் பேசும் மொழி அது. அமெரிக்கப் பூர்வகுடி மொழிகளில் அவ்வளவு பேர் பேசுவது அந்நாட்டில் வேறில்லை. ராஃப் ராக் என்னும் ஊரில் 1966-இல் தினே மக்கள் தாங்களே நடத்தும் பள்ளியைத் தொடங்கினார்கள். 1968-இல் தங்களுக்கென்று ஒரு கல்லூரியையே நிறுவினார்கள். டிஃபையன்ஸ் கோட்டை ஊரில் தாய்மொழி வழியாகச் சிறுவர்களுக்குக் கற்பிக்கும் பள்ளி இருக்கிறது. பிற சபைச் சகோதர சகோதரிகளின் உழைப்பால் 1985-இல் முழுத் திருவிவிலியமும் நவஹோவில் வெளிவந்தது. சின்லி ஊரில் நம் கத்தோலிக்க ஆலயமே ஹோகன் வடிவில் மரத்தால் எழுந்து நிற்கிறது. 2020-இல் கொரோனா அந்த நாட்டைக் கொடுமையாகத் தாக்கியது. உயிரிழந்தவர்களில் பலர் மொழியை முழுமையாக அறிந்திருந்த முதியவர்கள். இருந்தும், ஒரு குழந்தை முதன்முதலாகச் சிரிக்கும்போது, சிரிக்கவைத்தவர் விருந்து வைத்து, அந்தக் குழந்தையின் கையால் எல்லாருக்கும் உப்பு கொடுக்கவைத்து, அதனிடம் தினே மொழியில் பேசும் வழக்கம் பல வீடுகளில் தொடர்கிறது.

இதையெல்லாம் நான் ஏன் இந்தப் பீடத்திலிருந்து சொல்கிறேன்? திருப்பலி முடிந்ததும் ஒருமுறை பின்வரிசையைத் திரும்பிப் பாருங்கள். கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் வந்திருக்கும் இளைஞர்கள் சிலர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கத்தோலிக்கர்கள். நாம் அவர்களை இந்திக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அவர்களில் பலருக்கு இந்தி தாய்மொழி அல்ல. குருக், முண்டாரி, சாந்தாளி, காரியா என்று வீட்டுமொழி வேறு. குருக் நம் தமிழுக்கு இரத்த உறவு, ஒரே திராவிடக் குடும்பம். நம் பள்ளியில் சேர்ந்திருக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் மொழியில் பேசும்போது மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று மறைக்கல்வி ஆசிரியை ஒருவர் வருத்தத்தோடு சொன்னார். அந்தச் சிரிப்புக்கும் அந்தச் சோப்புக்கும் தூரம் அதிகமில்லை.

ஆகவே அன்பிய உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த வாரம் அவர்கள் தங்கியிருக்கும் இடத்துக்குப் போங்கள். பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், உங்கள் அம்மா உங்களோடு எந்த மொழியில் செபித்தார்கள் என்று கேளுங்கள். வரும் ஞாயிறு மூவொரு கடவுள் பெருவிழா. அன்று பொது மன்றாட்டுகளில் ஒன்றைக் குருக் மொழியிலும் ஒன்றைச் சாந்தாளியிலும் அவர்களே சொல்லட்டும். அதற்கான பதிலுரையை அவர்கள் மொழியிலேயே நாம் எல்லாரும் சொல்வோம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பாடகர் குழுவும் பீடச்சிறுவர்களும் வந்து அதை அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். நானும் வருகிறேன்.